கலியாண வீட்டு வரிக்காளான்

தீப்தியின் தொழில் செத்தவற்றைத் தேடுவது. அவளே அப்படித்தான் சொல்லிச் சிரிப்பாள்.

திருப்பூர்க்காரி. கோவையில் பொறியியல் படித்துவிட்டு, கணினி வேலைக்கென்று ஜெர்மனியின் வால்டோர்ஃபுக்கு வந்தவள். இரண்டு குளிர்காலம் அங்கே சம்பளப் பட்டியல் மென்பொருளோடு மல்லுக்கட்டிவிட்டு, மனம் ஒட்டாமல் மறுபடி படிக்கப் போனாள். படித்து முடித்து, பீலெஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் காளான்களின் மரபணுத் தொகுதியைக் கணினியில் அலசும் வேலையில் சேர்ந்துவிட்டாள். அவள் தேடியது ஒரு தனி ரகம். எந்த உயிரை எடுத்துக்கொண்டாலும் அதன் மரபணுத் தொகுதிக்குள், ஓரிடத்தில் சும்மா இருக்கத் தெரியாத துண்டுகள் சில உண்டு. அவற்றில் ஒரு வகை, தன்னைத் தானே வெட்டியெடுத்துக்கொண்டு வேறோர் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு வகை தன்னைப் படியெடுத்து, படியை மட்டும் அனுப்பிவைக்கும். தாவும் மரபணுக்கள் என்று பெயர். காளானில் உண்டு, கோதுமையில் உண்டு, மனிதனின் மரபணுத் தொகுதியில் கிட்டத்தட்டப் பாதி இவையும் இவற்றின் மிச்சமும்தான். ஆனால் ஏறக்குறைய எல்லாமே என்றைக்கோ தாவி, மரபணு எழுத்துகள் சிதைந்து, இருந்த இடத்திலேயே ஓய்ந்துபோனவை. அந்தச் சிதிலங்களை அடையாளம் கண்டு, எது எதற்கு உறவு, எது எந்தக் காலத்தில் தாவியது என்று பிரித்து வைப்பதுதான் தீப்தியின் வேலை.

"செத்ததைத் தேடறதுக்கா கண்ணு அத்தனை தூரம் போனே?" என்று அம்மா தொலைபேசியில் கேட்பார். "ஒண்ணாச்சும் உசுரோட இருக்குதா?"

தீப்தி சிரித்து மழுப்புவாள். ஆனால் அந்தக் கேள்வி உள்ளே போய்த் தைக்கும். ஒன்றுகூடத் தாவி அவள் பார்த்ததில்லை. திரையில் ஓடும் எழுத்துகளைத் தவிர அவள் கையில் எதுவும் கிடைத்ததில்லை. காளானையே அவள் தொடுவது சமையலறையில் மட்டும்தான்.

அந்த வருடம் ஜூலையில் வெயில் கொளுத்தியது. ஒரு சனிக்கிழமை கெசல்பிரிங்க் சந்தையில் தக்காளி வாங்கப் போனவள், ஒரு காளான் கடையின் முன்னால் தமிழ்க் குரல் கேட்டு நின்றாள். கடைக்கார அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். தொப்பியும் ஏப்ரனும் போட்டுக்கொண்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவே கைபேசியை இடுக்கியபடி யாரையோ வறுத்துக்கொண்டிருந்தார்.

"கூலிங் மெசின் நிண்டு ஒரு கிழமையாகுது, திருத்த வர இன்னும் டெர்மின் தரேல்லை எண்டால் நான் என்ன செய்யிறது? காளானுக்கு விசிறியாலை விசுக்கிறதோ?"

பேசி முடித்துத் திரும்பியவர் தீப்தியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "தமிழோ?"

"ஆமாங்க்கா."

"இந்தியாவோ? கதையிலை தெரியுது. என்ன வேணும் பிள்ளை?"

அவர் பெயர் தேவமலர். ஊருக்கு வெளியே யோலன்பெக்கில் ஒரு பழைய பண்ணைக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, கணவர் புவனேந்திரனோடு சேர்ந்து வைக்கோல் மூட்டைகளில் சிப்பிக் காளான் வளர்ப்பவர். தட்டில் சாம்பல் நிறக் காளானும், செவ்வரளிப்பூ நிறத்தில் இளஞ்சிவப்புக் காளானும் அடுக்கியிருந்தன. ஓரத்தில் ஒரு சின்னக் கூடையில் வெள்ளைக் காளான் கொஞ்சம் தனியாகக் கிடந்தது.

"அது ஏன் தனியா இருக்குதுங்?"

"அதுவும் சிவப்பின்ரை இனம்தான். போன வருசம் ஒரு மூட்டையிலை திடீரெண்டு வெள்ளையா வந்திட்டுது. வடிவா இருக்கெண்டு அதிலையிருந்து வித்தெடுத்து வளர்த்தன். இந்த வெக்கைக்குப் பிறகு வந்ததிலை ஏதோ கோடு கோடா விழுந்திருக்கு. வருத்தம் எண்டு சனம் வாங்குதில்லை."

வாங்க வருகிறவர்களுக்கு எதற்காக வருத்தம் என்று தீப்திக்குப் புரியவில்லை. "பாவம், எதுக்கு வருத்தப்படறாங்க?"

தேவமலர் ஒரு நொடி விழித்துவிட்டுக் கலகலவென்று சிரித்தார். "ஐயோ பிள்ளை, காளானுக்கு வருத்தம் எண்டு! நோய், நோய்! ஆனா ஒண்டுமில்லை, நாங்கள் தின்னுறனாங்கள். கொண்டுபோய்ச் சமைச்சுப் பாருங்கோ."

காகிதப் பையில் போட்டுக் கையில் திணித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து வெங்காயம் தாளித்து, காளானை அரியும்போது தீப்தி அந்தக் கோடுகளைப் பார்த்தாள். வெண்மையான மடலில், அடியிலிருந்து விளிம்பு வரைக்கும், தூரிகையால் இழுத்ததுபோல் சிவப்பு வரிகள். ஒன்று நூல்போல மெலிந்து, இன்னொன்று விசிறிபோல விரிந்து. நல்லா இருக்கே என்று நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள். அள்ளிச் சட்டியில் போட்டு மிளகைத் தூவினாள்.

கிளறும்போது சூட்டில் சிவப்பு மெல்ல வெளிறியது. வரி எது, வெள்ளை எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே பழுப்பாயின. அது மறைகிற அந்தக் கணத்தில்தான் அவள் மூளை விழித்துக்கொண்டது. ஒரே உடம்பு. ஒரே வித்திலிருந்து வந்த சதை. அதில் ஒரு பகுதி வெள்ளை, பக்கத்திலேயே ஒரு பகுதி சிவப்பு, நடுவே கத்தியால் வெட்டினாற்போல் எல்லை. வரி அடியில் ஒடுங்கி, மேலே போகப் போக அகலுகிறது. அப்படியென்றால் வளரும்போது ஏதோ ஓர் உயிரணுவில் ஒன்று மாறியிருக்கிறது. அதன் வாரிசுகள் எல்லாம் சிவப்பு.

நிறத்தைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று, எழுந்து போயிருக்கிறது.

அடுப்பை அணைத்தாள். பையைக் கவிழ்த்து உதறினாள். ஒரு துணுக்குகூட மிச்சமில்லை. உயிரோடு ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று இத்தனை வருடம் ஏங்கியவள், கிடைத்ததை மிளகு போட்டு வதக்கிவிட்டாள்.

நின்றுகொண்டே அதைத் தின்றாள். ருசியாகத்தான் இருந்தது. தின்றுகொண்டே காகிதப் பையில் அச்சிட்டிருந்த எண்ணை அழைத்தாள்.

"அக்கா, காலைல காளான் வாங்குனனே, தீப்தி. அந்தக் கோடு போட்ட காளான் இன்னும் இருக்குதுங்களா?"

"ஏன் பிள்ளை, வயித்துக்கை ஏதும் செய்யுதோ?" தேவமலரின் குரலில் பதற்றம்.

"இல்லைங்க, இல்லைங்க! எனக்கு அது உசுரோட வேணும். ப்ளீஸ்."

மூட்டையைப் பற்றிக் கேட்டாள். அதில் பச்சைப் பூஞ்சணம் பிடித்துவிட்டதாம். புவனேந்திரன் அதைப் பண்ணைக்காரரின் உரக்குவியலில் கொட்டி, அவர் அன்றைக்கே வண்டியில் அள்ளி வயலுக்குக் கொண்டுபோய்விட்டாராம். வெள்ளை வித்துப் போத்தல்கள்? வெக்கையில் எல்லாம் பழுது. மிச்சம் பறித்த காளான்?

"அது கலியாண வீட்டுக்குக் குடுத்தாச்சு பிள்ளை. நாளைக்கு எங்கட ஆக்களின்ரை கலியாணம் ஒண்டு. மத்தியானம் காளான் பிரட்டல். சிவப்பு, சாம்பல், உந்தக் கோடு போட்டது எல்லாம் கலந்து சமைக்கிற யோகம் அண்ணையிட்டை இறக்கியாச்சு."

"எப்ப வெட்டுவாங்க?"

"காலமை வெள்ளனவே தொடங்கிடுவினம். நானும் வருவன்தான், ஆனா சீலை உடுத்து, தலை இழுத்து வர நேரமாகும். நீங்கள் போங்கோ. அண்ணையிட்டை நான் சொல்லிவிடுறன்."

தீப்தி அடுத்து அழைத்தது லாராவை. ஆய்வுக்கூடத்தில் பூஞ்சைகளை வளர்ப்பவள் லாராதான். தீப்திக்குக் காளான் என்பது எழுத்து வரிசை. லாராவுக்கு அது தட்டில் பஞ்சுபோலப் படரும் உயிர். தீப்தி மூச்சு விடாமல் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு லாரா ஜெர்மனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"தமிழ்க் கல்யாணத்துக்கு என்ன உடுத்திக்கொண்டு வர வேண்டும்?"

மறுநாள் காலை லாராவின் கார் கலியாண மண்டபத்தின் பின்வாசலில் போய் நின்றது. பின் இருக்கையில் ஒரு குளிர்ப்பெட்டி. அதற்குள் கிருமி நீக்கிய வளர்ப்புத் தட்டுகள், இடுக்கி, கத்தி. லாரா தன்னிடமிருந்த பட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மத்தாப்பு மஞ்சள் நிறம்.

சமையலறை போர்க்களமாக இருந்தது. அண்டாவில் பருப்பு கொதிக்க, ஒரு பக்கம் வடை எண்ணெயில் மிதக்க, நடுவே கழுத்தில் துவாயோடு யோகம் அண்ணை நின்றார். டோர்ட்முண்டிலிருந்து பீலெஃபெல்ட் வரைக்கும் பெரிய கலியாணம் என்றால் அவர் கைச் சமையல்தான் என்று பின்னர் தேவமலர் சொன்னார். அவருடைய உதவியாளர்கள் நாலைந்து பேர் மேசையைச் சுற்றிக் காளான் வெட்டத் தொடங்கிவிட்டிருந்தார்கள்.

"தேவமலர் சொன்ன பிள்ளையோ?" என்றார் யோகம் அண்ணை, கரண்டியைக் கீழே வைக்காமல். "எனக்கு விளங்கேல்லை. கலியாண வீட்டிலை வந்து காளானைத் திருப்பிக் கேக்கிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்."

"ஒண்ணே ஒண்ணு போதுமுங்க. வெள்ளையில செவப்புக் கோடு போட்டது."

"தேடுங்கோ. ஆனா சும்மா கிண்டிக் கிண்டிப் பாக்க ஏலாது. ஒவ்வொண்டா எடுத்துப் பாத்து, இல்லையெண்டால் வெட்டி இதுக்கை போடுங்கோ. எனக்கும் வேலை முடியும்."

லாராவுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருவரும் பெட்டி பெட்டியாகக் கவிழ்த்தார்கள். சிவப்பு, சாம்பல், சிவப்பு, சாம்பல். ஒவ்வொரு கொத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, வெட்டி, அண்டாவில் போட்டார்கள். லாரா வெட்டிய துண்டுகள் அளந்து வெட்டியதுபோல் ஒரே அளவில் இருந்ததைக் கண்டு ஓர் உதவியாளர், "உந்த வெள்ளைக்காரப் பிள்ளையை நாங்களே வச்சிருப்பம்" என்றார்.

கடைசிப் பெட்டியும் காலியானது. வெள்ளைக் காளான் ஒன்றுகூட இல்லை.

தீப்தி அண்டாவுக்குள் குனிந்து பார்த்தாள். ஏற்கெனவே வெட்டி வைத்திருந்ததிலும் வெள்ளை இல்லை. "எங்கதான் போச்சு?" என்றாள், யாரிடமும் இல்லாமல். கை முழுக்கக் காளான் வாசனை. கண் கலங்கிவிடும்போல இருந்தது. அதற்கு வெங்காயமும் ஒரு காரணம்.

அப்போது கதவு திறந்து, மாம்பழ நிறக் காஞ்சிபுரத்தில் தேவமலர் நுழைந்தார். தலையில் முழங்கணக்கில் பூ. சந்தையில் பார்த்த பெண்மணிதான் என்று நம்பத் தீப்திக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"என்ன முகம் உப்பிடியிருக்கு? கிடைக்கேல்லையோ? எட வாங்கோ பிள்ளை, வாசல்லை வந்து பாருங்கோ, உந்த ரஞ்சினி என்ன செய்து வச்சிருக்கிறாள் எண்டு!"

மண்டபத்து முன்வாசலில் மேசை போட்டு நிறைகுடம் வைத்திருந்தார்கள். இரு பக்கமும் குத்துவிளக்கு. பன்னீர்ச்செம்பு, சந்தனம், கற்கண்டு. இவற்றுக்கு நடுவே ஓர் அகன்ற கண்ணாடிக் கிண்ணத்தில் வெள்ளை ரோஜாக்கள். ரோஜாக்களுக்கு இடையே, பூவைவிடப் பூவாக, வெண்மடலில் சிவப்பு வரியோடிய காளான் கொத்துகள்.

மணவறை அலங்காரத்துக்கு வந்திருந்த ரஞ்சினி, முதல்நாள் பெட்டி இறக்கும்போதே கண்டு அவற்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாளாம். "இவ்வளவு வடிவானதைக் கறிக்கு வெட்டுவினமோ?" என்பது அவள் நியாயம்.

தீப்தி ஓடிப்போய்க் கிண்ணத்தில் கை வைத்தாள்.

"ஐயோ, தொடாதையுங்கோ!" ரஞ்சினி பாய்ந்து வந்தாள். "மாப்பிள்ளை வாறார்! கார் திரும்பியாச்சு!"

உண்மைதான். வெளியே தவில் முழங்கத் தொடங்கியது. தெருவோரத்தில் நாதசுரம் எழும்ப, எதிர்வீட்டு ஜெர்மன் தம்பதி பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"ஒரு கொத்து, ஒரே ஒரு கொத்துங்க. இதுக்காக நான் எத்தனை வருசமா..." தீப்தி கிண்ணத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"எடுத்தா ஓட்டை தெரியும், படம் எடுக்கிறவை எல்லாம் இதைத்தான் எடுக்கப் போகினம்!"

பின்னாலிருந்து மஞ்சள் மின்னலாக லாரா ஓடி வந்தாள். உதவியாளர்களின் மேசையில் இன்னும் வெட்டாமல் இருந்த இளஞ்சிவப்புக் காளானில் ஒரு பெரிய கொத்தைச் சமையலறையிலிருந்து கொண்டுவந்திருந்தாள். வரிக்காளானில் ஒரு கொத்தை மெல்ல உருவியெடுத்து, அந்த இடத்தில் சிவப்பை நட்டாள். ரஞ்சினி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, ஒரு ரோஜாவை நகர்த்தினாள்.

"இது இன்னும் வடிவா இருக்கு" என்றாள். "போங்கோ, போங்கோ, கெதியாப் போங்கோ!"

மாப்பிள்ளை வீட்டார் வாசலில் ஏறவும், தீப்தி ஒரு கொத்துக் காளானைக் கைக்குழந்தைபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடவும் சரியாக இருந்தது.

இனி லாராவின் ராஜ்ஜியம். காற்றில் மிதக்கும் தூசியும் கிருமியும் தட்டில் விழாமல் இருக்க, எரியும் சுடருக்குப் பக்கத்தில் வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். அவள் கொண்டுவந்த சின்ன விளக்கு அந்தச் சமையலறைக் காற்றில் நிற்காமல் அணைந்து அணைந்து போனது. யோகம் அண்ணை பார்த்தார். பார்த்துவிட்டு, கொதித்துக்கொண்டிருந்த குழம்பை அப்படியே தூக்கிப் பக்கத்தில் வைத்தார்.

"இந்த அடுப்பை எடுங்கோ. விசிறியை நிப்பாட்டுங்கோடா! கதவைச் சாத்துங்கோ!"

நீலச்சுடர் பரந்து எரிந்தது. அந்த இரைச்சலான இடம் கோயில் மூலஸ்தானம்போல் அமைதியானது. லாரா இடுக்கியைத் தீயில் காட்டி ஆறவிட்டாள். காளானைக் கத்தி படாமல் கையால் நெடுக்காகக் கிழித்தாள்; உள்சதையில் எந்தக் கிருமியும் இருக்காது. வெள்ளைப் பகுதியிலிருந்து மணியளவு சதை, ஒரு தட்டில். சிவப்பு வரியிலிருந்து மணியளவு, இன்னொரு தட்டில். இப்படியே இன்னும் சில தட்டுகளில். வடை தட்டுகிற பெண்கள்கூடக் கையை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

"இதுக்குள்ளை அப்பிடி என்ன இருக்கு பிள்ளை?" யோகம் அண்ணை மெதுவாகக் கேட்டார்.

தீப்தி யோசித்தாள். "அண்ணே, ஒரு சமையல் குறிப்பு இருக்குதுன்னு வெச்சுக்கங்க. செவப்பு நிறம் செய்யற குறிப்பு. அதுக்கு நடுவுல சம்பந்தமே இல்லாத ஒரு பத்தி வந்து உக்காந்துக்குது. அப்புறம் அதைப் படிச்சுச் சமைக்க முடியுமா?"

"ஏலாது. குழம்பிப்போகும்."

"அதனால காளான் வெள்ளையா வந்துச்சு. இந்த வெக்கைல அந்தப் பத்தி தானாவே எழுந்து வேற பக்கம் போயிருச்சு. எந்த எடத்துல எழுந்து போச்சோ, அங்க மறுபடி செவப்பு."

"பத்தி எண்டால்?"

"பாரா... பாராகிராஃப்."

"ஓ, பந்தி!" என்றார் யோகம் அண்ணை. யாழ்ப்பாணத்தில் அதற்குப் பந்தி என்றுதான் பெயர் என்பது தீப்திக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் முகத்தில் சிரிப்புப் பரவியது. "சொல்லாமல் வந்து பந்தியிலை குந்தினதோ? பிறகு எழும்பிப் போனதோ?"

சமையலறையே சிரித்தது. அன்றைக்கு அந்தத் துண்டுக்குப் பந்தி என்று பெயர் விழுந்துவிட்டது.

தட்டுகளை மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்த பிறகு தேவமலர் இருவரையும் விடவில்லை. லாராவின் நெற்றியில் பொட்டு வைத்து, கையில் வளையல் போட்டு, மணவறைக்கு எதிரில் உட்கார வைத்தார். தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் அட்சதையாக அறுகரிசி போட எழுந்தபோது லாராவும் எழுந்து குறி பார்த்து வீசினாள். மாப்பிள்ளையின் தலைப்பாகையில் சரியாக விழுந்தது. காளான் பிரட்டலை அவள் மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அன்று மாலை தீப்தி அம்மாவை அழைத்தாள். "அம்மா, உசுரோட ஒண்ணு மாட்டிருச்சு!"

"மாப்பிள்ளையா?" என்று அம்மா ஆவலோடு கேட்டார். விளங்க வைப்பதற்குள் தீப்திக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

தட்டுகளில் ஒன்றில் பச்சைப் பூஞ்சணம் பிடித்தது. மற்றவற்றில் வெண்ணிற இழைகள் நட்சத்திரம்போல் விரிந்தன. சில வெள்ளையின் பிள்ளை, சில சிவப்பின் பிள்ளை. இழையாக இருக்கும்வரை இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். லாரா அவற்றை வளர்த்தெடுத்து, மரபணுவைப் பிரித்து, எழுத்து எழுத்தாகப் படிக்கும் இயந்திரத்துக்கு அனுப்பினாள். வெள்ளையின் பிள்ளையில் ஒரு பங்கை ரை தானியத்தில் படரவிட்டு தேவமலரிடம் வித்தாகக் கொடுத்தாள்.

செப்டம்பரில் ஒரு நாள் காலை முடிவு திரைக்கு வந்தது.

காளானின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு உட்கருக்கள். நிறத்துக்கான மரபணு இரண்டிலும் ஒவ்வொன்று. ஒன்றில் அது பழைய காலத்திலேயே பழுது. மற்றதில், நட்டநடுவில், வெள்ளைச் சதையில் மட்டும், ஒரு நீளத் துண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டு முனையிலும் கண்ணாடியில் பார்த்த பிம்பம்போல் எழுத்துகள். நடுவே, தன்னைத் தானே வெட்டியெடுக்கும் கருவியைச் செய்வதற்கான குறிப்பு, ஓர் எழுத்தும் சிதையாமல் முழுசாக. சிவப்புச் சதையில் அந்தத் துண்டு இல்லை. இருந்த இடத்தில் சில எழுத்துகள் மட்டும் கூடுதலாகக் கிடந்தன, ஆள் எழுந்து போன பாயில் விழுந்த மடிப்புப்போல.

தீப்தி அத்துடன் விடவில்லை. எழுந்து போனது எங்கே போனது? தேடினாள். வேறொரு குரோமோசோமில், இரண்டு மரபணுக்களுக்கு இடைவெளியில், பந்தி புதிதாகப் போய் அமர்ந்திருந்தது.

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்தவர்கள் தீ அலாரம் என்று நினைத்து வெளியே வந்தார்கள். லாரா மட்டும் புரிந்துகொண்டு ஓடி வந்து அவளைத் தூக்கிச் சுற்றினாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் தீப்தியை நாள்கணக்கில் நாற்காலியிலிருந்து எழவிடாமல் செய்தது. பந்தியின் எழுத்துகளை எடுத்து, தான் இத்தனை காலம் சேர்த்துவைத்த சிதிலங்களோடு ஒப்பிட்டாள். காட்டுக் காளான்கள் பலவற்றில் அவள் முன்னரே கண்டு, பெயரில்லாமல் எண் மட்டும் போட்டு வைத்திருந்த பழைய துண்டுகள் எல்லாம் இதன் பங்காளிகள் என்று தெரிந்தது. ஒரு காளானில் ஓய்ந்துபோன துண்டொன்று ஒரு மரபணுவின் வாசலில் கிடந்து, அந்த மரபணு எப்போது விழித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்கிற பொத்தானாகவே ஆகியிருந்தது. இன்னொன்றில் இரண்டு துண்டுகள் சேர்ந்து குரோமோசோமின் ஒரு பகுதியையே திருப்பிப் போட்டிருந்தன. அந்தத் திருப்பத்துக்குப் பிறகுதான் அந்த இனம் தன் வழியே பிரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. செத்துக் கிடப்பவை என்று பிரித்து அடுக்கிய அத்தனையும் ஒரு காலத்தில் இப்படித்தான் எழுந்து, தாவி, எங்கோ ஒரு வரியைத் தீட்டியிருக்கின்றன. தீப்தி தன் பழைய தரவுகளைப் புதிதாக வாங்கிய புத்தகம்போல் முதல் பக்கத்திலிருந்து படித்தாள்.

அக்டோபரில் தேவமலர் அழைத்தார். "பிள்ளை, உடன வாங்கோ. லாராவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஃபோனிலை சொல்ல ஏலாது."

யோலன்பெக் கொட்டகையில் புவனேந்திரன் கதவைத் திறந்துவிட்டார். அதிகம் பேசாத மனிதர். அன்றைக்கு அவர் கைபேசியால் படமெடுத்துக்கொண்டே இருந்தார். உள்ளே ஈரமான வைக்கோல் வாசனை. வரிசை வரிசையாகத் தொங்கிய மூட்டைகளின் துளைகளில் எல்லாம் காளான் வெடித்துக் கிளம்பியிருந்தது. வெள்ளையில் வரி. ஒரு கொத்தில் மயிரிழைபோல் பத்துப் பதினைந்து கோடு; அடுத்ததில் ஒரே ஒரு தடித்த பட்டை; இன்னொன்று ஒரு பாதி வெள்ளை, மறுபாதி சிவப்பு. சில மூட்டைகள் சுத்த வெள்ளை, சிலவற்றில் மைத்துளி தெறித்ததுபோல் புள்ளி. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

லாரா "ஓ" என்றாள். மறுபடி "ஓ" என்றாள்.

"டுசல்டோர்ஃபிலை ஒரு ரெஸ்டோரண்டுக்காரன் போனகிழமை வந்து பாத்தான்" என்றார் தேவமலர். "எல்லாம் ஒரே மாதிரிக் கோடு போட்டுத் தர ஏலுமோ எண்டு கேக்கிறான். ஏலாது எண்டு சொன்னன். இது நாங்கள் சொல்லிக் கேக்கிற சாமான் இல்லை, வாறபடி எடு, இல்லாட்டி விடு எண்டன்."

"என்ன சொன்னாருங்க?"

"இருக்கிறதெல்லாம் தா எண்டான்!"

மூவரும் சிரித்துக்கொண்டே பறித்தார்கள். எது ஆய்வுக்கூடத்துக்கு, எது கடைக்கு, எது அன்றைய சமையலுக்கு என்று பிரிப்பதில் சண்டை வந்தது. பாதிக்குப் பாதி இருந்ததை லாரா தன் பெட்டியில் வைக்க, தேவமலர் எடுத்துத் தன் கூடையில் வைக்க, லாரா மறுபடி எடுத்தாள். புவனேந்திரன் அதையும் படம் பிடித்தார்.

தீப்தி கொட்டகையின் கடைசி மூலைக்குப் போனாள். அங்கே ஒரு மூட்டையில் அன்றைக்குத்தான் மொட்டுகள் தலைகாட்டியிருந்தன, குண்டூசித் தலை அளவில். எல்லாம் வெள்ளை. குனிந்து கிட்டே பார்த்தாள். ஒன்றின் நுனியில் மட்டும் ஊசிமுனையளவு சிவப்பு. இந்தக் கொட்டகைக்குள், யாரும் கவனிக்காமல், இந்தச் சில நாள்களுக்குள் ஏதோ ஒரு நேரத்தில் அது எழுந்து போயிருக்கிறது. ஒருவேளை பக்கத்து மொட்டில் இந்த நிமிடம் எழுந்துகொண்டிருக்கலாம்.

அவள் அப்படியே ஈரத்தரையில் குந்திவிட்டாள்.

தேவமலர் இரண்டு குவளைத் தேத்தண்ணியோடு வந்து நின்றார். "என்ன செய்யிறியள் உதிலை?"

"பாத்துட்டு இருக்கறனுங்க்கா."

"பாத்துக்கொண்டிருந்தால் குதிக்கிறது தெரியுமோ?"

"தெரியாதுங்க. கண்ணுக்கெல்லாம் தெரியாது."

தேவமலர் மூட்டையைப் பார்த்தார். தீப்தியைப் பார்த்தார். பிறகு ஒரு காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அமர்ந்து, ஒரு குவளையை அவளிடம் நீட்டிவிட்டு, தானும் பார்க்கத் தொடங்கினார்.